கிளீவ்லாந்து பிரவுன்ஸ் சீசன் டிக்கெட்: 16 ஆட்டம், 16 தோல்வியிலிருந்து இன்றுவரை

ஒரு சீசனில் சொந்த ஊரில் நடக்கும் ஆட்டங்கள் எல்லாவற்றுக்கும் ஒரே இருக்கை தரும் இந்த டிக்கெட்டை நான் முதன்முதலில் வாங்கியது 2017இல். அந்த வருடம் எங்கள் ஊர் அமெரிக்கக் கால்பந்து அணியான பிரவுன்ஸ் 16 ஆட்டம் ஆடி பதினாறிலும் தோற்றது. அதற்கு முந்தைய வருடம் 16இல் ஒன்றுதான் ஜெயித்திருந்தது, அதனால் இனிமேல் ஏறுமுகம்தான் என்று நம்பிப் பணம் கட்டினேன். கல்லூரி வீரர்களை அணிகள் வரிசைமுறையில் தேர்ந்தெடுக்கும் டிராஃப்டில் முதல் ஆளாக மைல்ஸ் காரெட்டை வேறு எடுத்திருந்தார்கள். வாங்கலாமா என்று கேட்பவர்களிடம் அந்த வருடத்தைப் பற்றித்தான் பேசுவேன், ஏனென்றால் டிக்கெட்டை நான் இன்னும் விடாததற்குக் காரணம் அந்த வருடம்தான்.

முதலில் கணக்கு. அப்போது டிக்கெட்டோடு ஆகஸ்ட் மாதத்து நான்கு முன்னோட்ட ஆட்டங்களில் சொந்த ஊரில் நடப்பவை இரண்டும் சேர்ந்தே வந்தன. புள்ளிப் பட்டியலில் சேராத அந்த ஆட்டங்கள் நான்கையும் பிரவுன்ஸ் ஜெயித்தது. ஊரில் நடந்த இரண்டையும் பார்த்துவிட்டு மிகுந்த சந்தோஷத்தோடு வீடு திரும்பினேன். 2008இல் இதேபோல் 16 ஆட்டமும் தோற்ற டெட்ராய்ட் லயன்ஸும் அந்த ஆகஸ்டில் நான்கையும் ஜெயித்திருந்தது என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. சொந்த ஊர் ஆட்டம் எட்டில் ஒன்று லண்டனுக்குப் போய்விட்டது. மீதி ஏழையும் ஒன்றுவிடாமல் நேரில் பார்த்தேன்.

எல்லா ஆட்டத்திலும் அடித்து நொறுக்கப்பட்டோம் என்றுதான் வெளியே இருப்பவர்கள் நினைக்கிறார்கள். அப்படியில்லை. அந்த ஏழில் நான்கு, கடைசிவரை கைக்கெட்டும் தூரத்தில் இருந்தவை. பிட்ஸ்பர்க் ஸ்டீலர்ஸிடம் 3 புள்ளி, நியூயார்க் ஜெட்ஸிடம் 3, டென்னஸி டைட்டன்ஸிடம் ஓவர்டைமில், அதாவது சமனான பிறகு ஆடும் கூடுதல் நேரத்தில் 3, கிரீன் பே பேக்கர்ஸிடம் ஓவர்டைமில் 6. பேக்கர்ஸ் ஆட்டத்தை இன்றைக்கும் என்னால் முழுதாகச் சொல்ல முடியும். கடைசிக் கால்பகுதி தொடங்கும்போது நாங்கள் 21-7 என்று முன்னால் இருந்தோம். 17 வினாடி மிச்சமிருக்கையில் அவர்கள் சமன் செய்தார்கள். ஓவர்டைமில் பந்தை வீசி ஆட்டத்தை நடத்தும் எங்கள் குவார்ட்டர்பேக் டிஷோன் கைசர் மேல் ஆள் பாய்ந்த நேரத்தில் அவர் வீசிய பந்து எதிராளி கைக்குப் போனது. அப்புறம் முடிந்துவிட்டது.

கைசருக்கு அப்போது 21 வயது, முதல் வருடம். அவர் வீசியதில் எதிராளி பிடித்துக்கொண்டவை (இன்டர்செப்ஷன்) 22, எல்லைக்கோட்டைத் தாண்டிப் புள்ளி தந்தவை (டச் டவுன்) 11. அவரை மட்டும் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அணி நிர்வாகம் நல்ல டிராஃப்ட் இடங்களை விற்று, பின்னால் வரப்போகும் இடங்களைச் சேர்த்துவைத்தது. 2016இல் விட்டுக்கொடுத்த இடத்தில் பிலடெல்பியா, குவார்ட்டர்பேக் கார்சன் வென்ட்ஸை எடுத்தது. 2017இல் விட்டுக்கொடுத்த 12ஆம் இடத்தில் ஹூஸ்டன், இன்னொரு குவார்ட்டர்பேக்கான டிஷான் வாட்சனை எடுத்தது. அதே அக்டோபரில் வாட்சன் எங்களுக்கு எதிராக 3 டச் டவுன் வீசினார். அனுபவமே இல்லாத ஒரு பையனைத் தனியாக முன்னே நிறுத்தியது தப்பு என்றுதான் இன்றும் நினைக்கிறேன்.

இந்த டிக்கெட் எனக்குக் கொடுத்ததில் பெரியது அக்டோபர் 22, டைட்டன்ஸ் ஆட்டம். ஜோ தாமஸ் எங்கள் இடதுபக்க டேக்கிள். பந்தைத் தொடாத வேலை அது. குவார்ட்டர்பேக்கின் கண்ணுக்குத் தெரியாத பக்கத்திலிருந்து பாய்ந்து வருபவர்களை மறித்து நிற்க வேண்டும், அவ்வளவுதான். 2007இல் சேர்ந்தவர், ஆறு தலைமைப் பயிற்சியாளர்களைப் பார்த்தவர், சீசனுக்குப் பின் சிறந்த அணிகள் ஆடும் பிளே-ஆஃப் ஒன்றுகூட ஆடாதவர். வேறு அணி கேட்டுப் போயிருக்கலாம், போகவில்லை. பந்து ஒவ்வொரு முறை ஆட்டத்துக்கு வருவதும் ஒரு ஸ்நாப்; சேர்ந்த நாளிலிருந்து ஒரு ஸ்நாப்கூட வெளியே உட்காராமல் 10,363 ஸ்நாப் தொடர்ந்து ஆடியிருந்தார். அன்றைக்கு மூன்றாம் கால்பகுதியில் இடது கையைப் பிடித்துக்கொண்டு தரையில் கிடந்தார். மேல்கையின் பின்புறத் தசையான ட்ரைசெப்ஸ் கிழிந்திருந்தது. அவர் எழுந்து நடந்து வெளியேறும்வரை எங்கள் வரிசையில் யாரும் உட்காரவில்லை. அதன் பிறகு அவர் ஆடவே இல்லை. அன்று 12-9 என்று தோற்றோம். அந்த ஸ்கோரை நான் பிறகு தேடித்தான் பார்த்தேன்.

பக்கத்து இருக்கைக்காரரைப் பற்றியும் சொல்ல வேண்டும், சீசன் டிக்கெட் என்றால் வருடம் முழுக்க அதே ஆள்தான் பக்கத்தில். அவர் அறுபதைத் தாண்டியவர். 1995 சீசனோடு உரிமையாளர் ஆர்ட் மோடெல் அணியைப் பால்டிமோருக்குக் கொண்டுபோன பிறகு, 1999 வரை இந்த ஊருக்கு அணியே கிடையாது. ஐந்தாவது தோல்வியோ ஆறாவதோ, எப்படித் தாங்குகிறீர்கள் என்று அவரிடம் கேட்டேன். “அந்த மூன்று வருடம் ஞாயிற்றுக்கிழமை தோற்பதற்குக்கூட எங்களுக்கு ஒன்றும் இல்லையே” என்றார். டிசம்பர் 17இல் அதே பால்டிமோர் வந்து 27-10 என்று ஜெயித்துவிட்டுப் போனது. அவர் கடைசிவரை இருந்தார்.

மறு ஜனவரியில், ஒரு வெற்றிகூட இல்லாத சீசனைக் கேலி செய்து, ரசிகர்கள் மூவாயிரம் பேர்போலக் கொட்டும் குளிரில் மைதானத்தைச் சுற்றி ஊர்வலம் போனார்கள். சுற்றி வந்த வட்டம் ஒரு பூஜ்யம். உணவு வங்கிக்கு நன்கொடையும் திரட்டினார்கள். வீரர்கள் சிலருக்கு அது பிடிக்கவில்லை, அவர்கள் பக்கமும் நியாயம் உண்டு. நான் உணவு டப்பாக்களை எடுத்துக்கொண்டு போனேன்.

வாங்க நினைப்பவர்களுக்கு ஒன்று. மைதானம் ஈரி ஏரிக் கரையிலேயே இருக்கிறது. நவம்பருக்குப் பிறகு ஏரிக்காற்று எவ்வளவு கனமான கோட்டையும் துளைக்கும், ஆனால் முதலில் மரத்துப்போவது பாதம்தான். கான்கிரீட்டிலிருந்து குளிர் நேராக ஷூவுக்குள் ஏறும். பேக்கர்ஸ் ஆட்டத்தன்று பக்கத்து இருக்கைக்காரர் அட்டைப்பெட்டியைக் கிழித்து இரண்டு துண்டு கொண்டுவந்து, ஒன்றை என் காலடியில் போட்டார். கம்பளி சாக்ஸ் இரண்டு ஜோடியைவிட அது மேல்.

2018 செப்டம்பர் 20, வியாழன் இரவு, மறுபடி ஜெட்ஸ். 14-0 என்று பின்தங்கிக் கிடந்தபோது குவார்ட்டர்பேக் டைரோட் டெய்லருக்கு அடிபட்டு, புதிதாக வந்த பேக்கர் மேஃபீல்டு இறங்கினார். 21-17 என்று ஜெயித்தோம். கடைசியாக ஜெயித்து 635 நாளாகியிருந்தது. நகரத்தின் பார்களில் வெற்றி கிடைத்தால் மட்டும் திறக்கும்படி பூட்டிவைத்திருந்த பீர் பெட்டிகள் அந்த நேரத்தில் திறந்துகொண்டன. எங்கள் வரிசையில் யாரும் கிளம்பவில்லை. பெரியவர் என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றார். விளக்கைக் குறைக்க ஆரம்பித்த பிறகுதான் படியிறங்கினோம்.