ஐம்பது வயதுக்கு மேல் ஓடத் தொடங்க: கவுச் டு ஃபைவ் கே திட்டமும் ஒரு ஜோடி ஷூவும்

ஓடியே பழக்கமில்லாதவரை ஒன்பது வாரத்தில் அரை மணி நேரம் நிற்காமல் ஓட வைக்கும் திட்டம் கவுச் டு ஃபைவ் கே, அதாவது ‘சோபாவிலிருந்து 5 கி.மீ. வரை’. ஜோஷ் கிளார்க் என்பவர் 1996இல், ஐம்பது வயதைத் தாண்டிய தன் அம்மாவையும் மனதில் வைத்து உருவாக்கினார். எனக்கும் அந்த வயதுதான். டாக்டரிடம் கேட்டுவிட்டு பெசன்ட் நகர் கடற்கரைச் சாலையில் விடிவதற்கு முன்பே ஆரம்பித்தேன்.

வாரத்துக்கு மூன்று நாள் போதும். முதல் வாரம் 5 நிமிட வேக நடை, அப்புறம் 60 விநாடி ஓட்டம், 90 விநாடி நடை என்று மாறி மாறி 20 நிமிடம். இவ்வளவுதானா என்று இருக்கும். ஆனால் இந்த நிதானம்தான் எனக்கு மிகவும் பிடித்தது. மூச்சு சீக்கிரம் பழகிவிடும், மூட்டும் தசைநாரும் மெல்லத்தான் பழகும். அதனால் ஓய்வு நாளில் ஓடவே ஓடாதீர்கள்.

ஐந்தாம் வாரம் கடினம். இரண்டாம் நாள் எட்டு எட்டு நிமிடமாக இரண்டு தடவை, அடுத்த முறையே ஒரே மூச்சில் 20 நிமிடம்! சென்னைப் புழுக்கத்தில் நான் நான்காம் வாரத்தை இன்னொரு தடவை ஓடிவிட்டுத்தான் அதற்குப் போனேன். கூட வருபவரோடு பேச முடிகிற வேகம் போதும். பெயரில் 5 கி.மீ. இருந்தாலும் அரை மணியில் அதை முடிக்க மணிக்கு 10 கி.மீ. வேகம் வேண்டும். தொடக்கத்தில் பலருக்கு அது வராது, வரவும் வேண்டியதில்லை.

ஷூவுக்கு வருகிறேன். கடைக்காரர் என் பாத வளைவைப் பார்த்துவிட்டு விலை கூடிய ஒன்றை நீட்டினார். அமெரிக்க ராணுவத்தில் பாத வளைவுக்கு ஏற்ப ஷூ கொடுத்துப் பார்த்தபோது காயங்கள் குறையவில்லை. எனவே போட்டதும் காலுக்குச் சுகமாக இருந்ததையே வாங்கினேன். செருப்பிலேயே வளர்ந்த என் பாதம் முன்பக்கம் அகலம். நியூ பேலன்ஸ் என்ற பிராண்டு ஷூவில் 2இ என்ற அகல அளவு உண்டு, கேட்டு வாங்குங்கள். பாதம் சற்று வீங்கியிருக்கும் மாலையில், ஓடும்போது போடுகிற சாக்ஸோடு போய், கடைக்குள்ளேயே கொஞ்சம் ஓடிப் பாருங்கள். விரல் நுனிக்கு முன்னால் கட்டைவிரல் அகலத்துக்கு இடம் வேண்டும். குதிகால் வழுக்கினால் மேலே உள்ள கூடுதல் ஓட்டையிலும் கயிற்றைக் கோத்து இறுக்குங்கள்.

மழையில் நனைந்தால் வெயிலில் வைக்காதீர்கள். உள்ளே செய்தித்தாளைத் திணித்து நிழலில் உலர்த்தினால் போதும்.