மனத்தை அளப்பதா, செயலை அளப்பதா?

பாரபட்சத்தை அளக்க எந்த வழி மேல் என்று சிங்கப்பூர் தேக்கா காப்பிக்கடையில் நண்பரோடு பேசிக்கொண்டிருந்தேன். 1998இல் உளவியலாளர் கிரீன்வால்ட் குழு வெளியிட்ட மறைமுகத் தொடர்புச் சோதனை சில நிமிட வேலை. முகத்தையும் சொல்லையும் பார்த்துச் சட்டென விசையை அழுத்த வேண்டும்; எந்த முகத்தோடு நல்ல சொல்லை வேகமாகச் சேர்க்கிறோம் என்பதை வைத்து மனச்சாய்வை அளக்கிறார்கள். ஆனால் அதே ஆள் மறுபடி செய்தால் மதிப்பெண் மாறலாம். ஒருவர்மேல் தீர்ப்பு எழுத அது போதாது.

நான் களச்சோதனை பக்கம்தான்; அதாவது, நிஜ உலகில் ஆட்கள் என்ன செய்கிறார்கள் என்று பார்ப்பது. பொருளியலாளர்கள் பெர்ட்ராண்டும் செந்தில் முல்லைநாதனும் அமெரிக்காவின் பாஸ்டன், சிகாகோ நகர வேலை விளம்பரங்களுக்குச் சுமார் 5,000 போலி விண்ணப்பங்கள் அனுப்பினார்கள். வெள்ளையர் பெயர்களையும் கறுப்பினத்தவர் பெயர்களையும் குலுக்கிப்போட்டு இட்டார்கள். வெள்ளையர் பெயர்களுக்குச் சுமார் 50 விழுக்காடு அதிக அழைப்பு. ஆய்வு 2004இல் வெளியானது.

இங்கே ஈசூனில் வாடகை வீடு கேட்டு நான் போன் செய்தேன். பெயரைச் சொன்னதும், "வீடு போயிடுச்சு" என்றார் முகவர். அன்று மாலை அதே வீட்டை என் சீன நண்பர் கேட்டார். வீடு இருந்தது.