மலையேற்றத்தில் மட்டும் வந்த மிஸ்ஸிங்: சரிசெய்து 14 மாதம் ஓட்டிய பிறகு

என்னுடையது 2010 மாடல் பெட்ரோல் கார். நாலு சிலிண்டர், 1.2 லிட்டர். 1,06,000 கிலோமீட்டரில், ஐப்பசி மழை சமயத்தில் மிஸ்ஸிங் (ஏதோ ஒரு சிலிண்டரில் பெட்ரோல் சரியாக எரியாமல் என்ஜின் வெட்டுவது) ஆரம்பித்தது. எந்நேரமும் அடித்திருந்தால் ஒரே நாளில் கண்டுபிடித்திருக்கலாம். இது அப்படி இல்லை. காலையில் ஸ்டார்ட் செய்தால் ஐடிலில் (மிதிக்காமல் சும்மா ஓடும்போது) ஆடாமல் நிற்கும், ஊருக்குள் எந்தக் குறையும் இருக்காது, மேட்டுப்பாளையம் தாண்டி கல்லாறு ஏற்றத்தில் மூன்றாவது கியரில் அழுத்தி மிதிக்கும்போது மட்டும் நாலைந்து வெட்டு வெட்டும், செக் என்ஜின் லைட் மினுக்கும், கியரைக் குறைத்தால் சரியாகிவிடும். ஒர்க்‌ஷாப்புக்குக் கொண்டுபோனால் அங்கே வரவே வராது.

முதலில் சிலிண்டருக்குள் பொறி கொடுக்கும் பிளக் நாலையும் மாற்றினேன். மூன்று வாரம் அருமையாக ஓடியது, அப்புறம் அதே வெட்டு. "பெட்ரோல்ல தண்ணி கலந்திருக்கும் தம்பி" என்றார் மெக்கானிக் அண்ணன். ஃபியூயல் ஃபில்டர், த்ராட்டில் பாடி கிளீனிங், இன்ஜெக்டர் கிளீனிங் என்று ஆறாயிரம் ரூபாய் போனது. பலன் இல்லை. அந்த மூன்று வாரத்தை மட்டும் நாங்கள் இருவருமே யோசித்துப் பார்த்திருக்க வேண்டும், பதில் அதில்தான் இருந்தது.

பிறகு போனோடு இணைகிற சின்ன ஓபிடி ஸ்கேனர் (காரின் கம்ப்யூட்டர் பதிந்துவைத்த கோளாறு எண்களைப் படிப்பது) ஒன்று வாங்கினேன். என்ஜினின் முக்கிய தண்டான கிராங்க் ஷாஃப்ட் சுற்றும் வேகம் எந்த சிலிண்டரின் முறையில் தடுமாறுகிறது என்று பார்த்துத்தான் என்ஜினைக் கட்டுப்படுத்தும் கம்ப்யூட்டரான ஈசியூ மிஸ்ஃபயரை, அதாவது மிஸ்ஸிங்கைக் கண்டுபிடிக்கிறது. எனக்கு வந்தது பி0303, அதாவது மூன்றாவது சிலிண்டர். கூடவே அந்த நேரத்து நிலவரமும் பதிவாகியிருந்தது: 1,900 ஆர்பிஎம், லோடு 80 சதவீதத்துக்கு மேல், என்ஜின் நன்றாகச் சூடு. ஃபியூயல் டிரிம் (ஈசியூ பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் அளவு) கூடுதல், குறைவு இரண்டு பக்கமும் ஐந்து சதவீதத்துக்குள்தான் இருந்தது. என்ஜினுக்குக் காற்று போகும் இன்டேக்கில் காற்று கசிந்தால் ஐடிலில்தான் அதிகம் தெரியும், டிரிமும் ஏறியிருக்கும். பிளக்குக்கு ஒயர் வழியாக உயர் வோல்டேஜ் கொடுப்பது காயில்; எங்கள் காரில் 2க்கும் 3க்கும் ஒரே காயில், அது போயிருந்தால் இரண்டு சிலிண்டருமே தடுமாறியிருக்கும். ஆக மிச்சம் பிளக், ஒயர்.

மூன்றாவது பிளக்கைக் கழற்றி ஒன்றாவதில் போட்டேன், கோளாறு கூடவே போகிறதா பார்க்கலாம் என்று. இங்கேதான் ஒரு வாரம் குழம்பிப் போனேன், ஏனென்றால் பி0301, பி0303 இரண்டும் வந்தது! மீட்டரில் ஒயரின் ரெசிஸ்டன்ஸ் பார்த்தால் நாலுமே சரி.

ஒருநாள் ராத்திரி போர்டிகோ லைட்டை அணைத்துவிட்டு, பானெட்டைத் திறந்து, என்ஜினை ஓடவிட்டு, ஸ்பிரே பாட்டிலால் ஒயர்கள் மேல் லேசாகத் தண்ணீர் தூவினேன் (கையை நன்றாகத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள், ஆயிரக்கணக்கான வோல்ட் ஓடுகிற இடம்). மூன்றாவது பிளக் குழியின் வாயில் டிக் டிக் என்று நீலமாக ஒரு பொறி தாவியது. ஆஃப் செய்து, பிளக்கின் மேல் மாட்டும் ஒயர் நுனி ரப்பர் உறையான பூட்டைக் (boot) கழற்றினால் ரப்பர் ஊறிப்போய் கொழகொழவென்று இருந்தது, குழிக்குள் விரல் நுனி அளவுக்கு ஆயில் தேங்கியிருந்தது. என்ஜினின் மேல்மூடியான டேப்பட் கவரின் ரப்பர் சீல் கசிந்து இறங்கிய ஆயில். பூட்டின் உள்சுவரில் பென்சிலால் கிழித்த மாதிரி மெல்லிய கருப்புக் கோடு. ஒன்றாவதுக்கு மாற்றிய பிளக்கைக் கழற்றிப் பார்த்தேன், அதன் வெள்ளைப் பீங்கானிலும் அச்சாக அதே கோடு.

அந்தக் கோடு கரி, மின்சாரத்துக்கு அது குறுக்கு வழி. மிதிக்கும்போது சிலிண்டருக்குள் அழுத்தம் ஏறும், அந்த அழுத்தத்தில் பிளக் முனையில் பொறி தாவ அதிக வோல்டேஜ் வேண்டும், அப்போது மின்சாரம் உள்ளே போகாமல் கரிக்கோடு வழியாக சிலிண்டர்களின் மேல்பகுதியான ஹெட்டின் உலோகத்துக்கு ஓடிவிடுகிறது. ஐடிலில் இந்தச் சிக்கலே இல்லை. புதுப் பிளக் மூன்று வாரம் தாங்கியதும் இதனால்தான்: பழைய பூட்டில் இருந்த கோடு சுத்தமான பீங்கானிலும் கோடு போட அவ்வளவு நாள் ஆகியிருக்கிறது. பிளக்கை மட்டும் மாற்றினாலும் ஒயரை மட்டும் மாற்றினாலும் ஒன்றிலிருந்து மற்றதுக்குத் தொற்றிவிடும். இரண்டையும் ஒரே நாளில் மாற்ற வேண்டும், அதற்கு முன்னால் ஆயில் கசிவை நிறுத்த வேண்டும்.

டேப்பட் கவர் பேக்கிங், பிளக் குழி சீல்கள், ஒயர் செட், நாலு பிளக் எல்லாம் சேர்த்து மூவாயிரத்துக்குள் முடிந்தது. பூட்டின் உள்ளே சிலிக்கான் கிரீஸ் ஒரு துளி தடவினேன். இன்னொன்று, செக் என்ஜின் லைட் மினுக்கும்போது அழுத்தி ஓட்டாதீர்கள். எரியாத பெட்ரோல், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டருக்குள் போய் எரிந்து அதை உருக்கிவிடும், அதன் விலை இந்தச் செலவைப்போல் பல மடங்கு.

இப்போது 1,18,000 கிலோமீட்டர். இடையில் குன்னூருக்கு ஒன்பது தடவை, அதில் இரண்டு தடவை கொட்டும் மழையில், மூன்றாவது கியரிலேயே ஏறினேன், ஒரு வெட்டு இல்லை. போன வாரம் மூன்றாவது பிளக்கைக் கழற்றிப் பார்த்தேன். பீங்கான் வெள்ளையாக இருக்கிறது, குழி காய்ந்திருக்கிறது. கவரின் பின் மூலையில் மட்டும் லேசான ஈரம், அடுத்த ஆயில் சேஞ்சில் அதைத் திறந்து பார்க்கிறேன்.