ஆறு ஆறா, மூன்று மூன்றா: ஹூப்ஸ் டைனஸ்டியில் ரெக்ரூட்டிங் பணக் கணக்கு

ஹூப்ஸ் டைனஸ்டி என்ற இணையக் கூடைப்பந்து கோச் விளையாட்டில் புதிதாக அணி எடுத்தவர்கள் எல்லோரும் ஒரு கட்டத்தில் ஒரே விஷயத்துக்குத்தான் கொதிப்பார்கள். நாள்கணக்கில் பொத்திப் பொத்திப் பேசிவைத்த ஒரு நல்ல பாயின்ட் கார்டை, கடைசி நேரத்தில் பக்கத்து மாநில கோச் ஒருவர் வந்து அள்ளிக்கொண்டு போயிருப்பார். அவருக்கு மட்டும் அவ்வளவு பணம் எங்கிருந்து வந்தது என்று தோண்டினால் பெரிய ரகசியம் எதுவும் கிடைக்காது. அவர் அணியில் அந்த வருடம் ஆறு பேர் படிப்பை முடித்துப் போகிறார்கள். நம் அணியில் இரண்டே பேர்.

ஆடாதவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். வாட்இஃப்ஸ்போர்ட்ஸ் தளத்தின் இந்த விளையாட்டில் அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தின் மூன்று டிவிஷன்களும் உண்டு. நாம் ஒரு கல்லூரிக்கு கோச். டிவிஷன் 3-இல் தொடங்கி, ஜெயித்துப் பெயர் வாங்கினால் மேலே போகலாம். அணியில் 12 பேர், ஒவ்வொருவரும் நான்கு வருடம் ஆடலாம். எத்தனை ஸ்காலர்ஷிப் காலியாகிறதோ, அதற்கேற்பத்தான் அந்த வருடத்து ரெக்ரூட்டிங் பணமும் (புதுப் பையன்களைப் பிடிக்கும் செலவுக்கு) அட்டென்ஷன் பாயின்ட்டும் கைக்கு வரும். பணத்தில் ஹோம் விசிட் (பையன் வீட்டுக்கு நாம் போவது), கேம்பஸ் விசிட் (அவனைக் கல்லூரிக்கு அழைப்பது) செய்யலாம். அட்டென்ஷன் பாயின்ட் என்பது ஒரு பையன்மேல் நாம் தொடர்ந்து காட்டும் கவனம். சுற்றுக்குச் சுற்று சேர்ந்துகொண்டே போகும்.

ஆகவே பட்ஜெட் என்று நாம் பேசுவது உண்மையில் மூன்று நான்கு வருடங்களுக்கு முன்பே முடிவாகிவிடுகிறது. இந்த வருடம் எத்தனை பேரை எடுக்கிறோமோ, அத்தனை பேருக்கான பணம்தான் அவர்கள் போகும் வருடம் திரும்பி வரும். இதில் பழைய ஆட்டக்காரர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்து நிற்கிறார்கள். வருடத்துக்கு மூன்று பேர் என்று சீராக எடுப்பது ஒரு கட்சி. ஒரு வருடம் ஆறு, அடுத்த வருடம் பூஜ்யம், மறுபடி ஆறு என்று மொத்தமாக எடுப்பது இன்னொரு கட்சி.

ஆறு ஆறின் பலம் கண்ணுக்குத் தெரிவது. ஆறு பங்கு பணம் கையில் இருக்கும்போது, மூன்று பங்கு வைத்திருப்பவர் நம்மிடம் மோதவே தயங்குவார். நாம் யாரிடம் கண் வைத்திருக்கிறோம் என்பது மற்றவர்களுக்குத் தெரிந்தாலே பாதிப் பேர் ஒதுங்கிவிடுகிறார்கள். அந்தப் பயத்துக்கு ஒரு மதிப்பு உண்டு. சண்டையே இல்லாமல் கிடைக்கும் பையனுக்கு நாம் செலவழிக்காத பணம்தான் அது. அது நாம் பிடிக்கும் அடுத்த பையனுக்குப் பயன்படும்.

ஆனால் வருடக் கணக்கைப் போட்டுப் பாருங்கள். ஆறு பேர் நான்காம் ஆண்டு, ஆறு பேர் இரண்டாம் ஆண்டு என்று இருக்கும் சீசன் அருமையானது. அடுத்த சீசனில் அதே அணி ஆறு மூன்றாம் ஆண்டு, ஆறு முதலாம் ஆண்டு என்று ஆகிவிடும். முதலாம் ஆண்டுப் பையன்களுக்கு நம் ஆட்ட முறை பிடிபட்டிருக்காது. மோஷனோ டிரையாங்கிளோ, அந்த முறையில் அவர்களுடைய ஐக்யூ கிரேடு கீழேதான் தொடங்கும். பாதி அணி அப்படி இருந்தால் ஜெயிக்க வேண்டிய ஆட்டங்களும் கைநழுவும். அதைவிட மோசம், அந்தப் பலவீனமான வருடத்தில் யாரும் போவதில்லை. இடமும் காலியில்லை, பணமும் இல்லை. கண்முன்னே ஒரு அபூர்வமான சென்டர் ஆட்டக்காரன் நம் ஊர்ப் பள்ளியிலிருந்தே வந்தாலும் வேடிக்கைதான் பார்க்க வேண்டும்.

நிஜக் கல்லூரி ஆட்டத்திலும் இதே ஏற்ற இறக்கம் உண்டு. 2012-இல் கென்டக்கி கல்லூரி அணி, கான்சஸை 67-59 என்று வீழ்த்தி சாம்பியன் ஆனது. ஆன்டனி டேவிஸ், மைக்கேல் கிட்-கில்கிறிஸ்ட், மார்க்கிஸ் டீக் என்று முதலாம் ஆண்டுப் பையன்கள் மூன்று பேர் தொடக்க ஐவரில் இருந்தார்கள். அந்தக் கோடையில் அணியின் ஆறு பேர் என்பிஏ டிராஃப்டில் (தொழில்முறை லீக்கின் ஆள் தேர்வில்) போனார்கள். மறுவருடம் தேசியப் பட்டத்துக்கான என்சிஏஏ போட்டியிலேயே இடம் கிடைக்காமல், அதற்கு அடுத்த நிலைப் போட்டியான என்ஐடியின் முதல் சுற்றில் ராபர்ட் மோரிஸ் கல்லூரியிடம் தோற்றார்கள். அந்த அணியின் முக்கிய ஆட்டக்காரர் நெர்லன்ஸ் நோயல் பிப்ரவரியில் முழங்காலில் அடிபட்டு வெளியேறியதும் ஒரு காரணம் என்பதைச் சொல்லியாக வேண்டும். ஆனாலும் ஒரே கோடையில் அணி மொத்தமாகக் காலியானால், ஒருவருக்கு அடிபட்டாலே தாங்க முடியாமல் போகிறது. கென்டக்கிக்கு அது கட்டுப்படியானது, ஏனென்றால் அடுத்த வருடமும் அவர்கள் வாசலில் பையன்கள் வரிசையில் நிற்பார்கள். நம் டிவிஷன் 3 அணிக்கு அந்த வரிசை கிடையாது.

மூன்று மூன்றின் அழகு மெதுவாகத்தான் தெரியும். எந்த வருடம் பார்த்தாலும் நான்காம் ஆண்டுப் பையன்கள் மூன்று பேர் இருப்பார்கள். புதியவர்கள் மூன்றே பேர் என்பதால் அவர்களைப் பெஞ்சில் வைத்துப் பக்குவப்படுத்த நேரம் கிடைக்கும். வில்லனோவா கல்லூரியைப் பாருங்கள். 2016-இலும் 2018-இலும் பட்டம் வென்றார்கள். 2018 இறுதி ஆட்டத்தில் மிச்சிகனுக்கு எதிராகப் பெஞ்சிலிருந்து வந்து 31 புள்ளி அடித்த டான்டே டிவின்சென்சோ, கல்லூரிக்கு வந்த வருடம் காயத்தால் ரெட்ஷர்ட் ஆனவர், அதாவது அந்த வருடம் அவருடைய நான்கு வருடக் கணக்கில் சேரவில்லை. மிகால் பிரிட்ஜஸும் முதல் வருடம் ரெட்ஷர்ட்தான். அந்த 2018 அணியிலிருந்து நான்கு பேர் டிராஃப்டில் போன பிறகும், ஃபில் பூத், எரிக் பாஸ்கல் என்று பழுத்த ஆட்டக்காரர்கள் மிச்சம் இருந்ததால் 2019-இல் தங்கள் லீக்கான பிக் ஈஸ்டின் பட்டத்தை மறுபடியும் எடுத்தார்கள். அணி முழுவதும் ஒரே நேரத்தில் போகாமல் பார்த்துக்கொள்வது என்பது இதுதான்.

சரி, மூன்று மூன்றில் குறையே இல்லையா? இருக்கிறது, அது வலிக்கும் குறை. எந்த வருடமும் பெரிய சண்டைக்குப் பணம் போதாது. ஐந்து இடம் காலியுள்ள ஒருவர் நம் பையனைக் கேட்டு வந்துவிட்டால், மூன்றில் இரண்டு பங்கை அங்கேயே கொட்ட வேண்டியிருக்கும். அப்புறம் மீதி இரண்டு இடத்துக்கு எஞ்சியவர்களைத்தான் எடுக்க வேண்டும்.

இங்கே தற்காப்பு முறையையும் சேர்த்துப் பார்க்காமல் யாரும் முடிவெடுக்கக் கூடாது என்பது என் உறுதியான எண்ணம். களம் முழுவதும் எதிராளியை நெருக்கும் ஃபுல் கோர்ட் பிரஸ் ஆடுபவருக்குப் பத்துப் பேராவது ஓடத் தெரிந்திருக்க வேண்டும்; களைப்பு வந்தால் பிரஸ் கிழிந்துவிடும். அவருக்கு ஆறு ஆறு தற்கொலைக்குச் சமம், ஏனென்றால் ஒன்றுவிட்ட வருடங்களில் பாதிப் பேர் புதியவர்கள். ஆளைத் துரத்தாமல் அவரவர் பகுதியைக் காக்கும் ஸோன் ஆடுபவர் எட்டு ஒன்பது பேரை வைத்தே ஒரு சீசனை ஓட்டிவிடலாம். அவர் ஒரு இடத்தை நிரப்பாமலே விட்டு, ஸ்காலர்ஷிப் இல்லாமல் சேரும் வாக்-ஆன் ஒருவரை உட்காரவைத்துவிட்டு, இருக்கும் பணத்தை மற்ற இரண்டு பேர்மேல் போட முடியும். ஆளுக்கு ஆள் காக்கும் மேன்-டு-மேன் நடுவில் நிற்கிறது. பட்ஜெட் பற்றி யாராவது யோசனை கேட்டால் நான் முதலில் கேட்பது "நீங்கள் என்ன டிஃபென்ஸ் ஆடுகிறீர்கள்?" என்பதைத்தான்.

அடுத்த பிரச்சினை, ஒரே சீசனுக்குள் பணத்தை எப்படிப் பிரிப்பது. அகல உழுவதைவிட ஆழ உழுவது மேல் என்பார்கள். இந்த விளையாட்டில் அதற்கு ஒரு எல்லை உண்டு, அதைத்தான் பலர் கவனிப்பதில்லை. ஒரு பையனுக்கு 20 ஹோம் விசிட்டுக்கு மேல் போக முடியாது. கேம்பஸ் விசிட் ஒன்றே ஒன்று. நம்மைப் போலவே எதிராளியும் அந்த உச்சத்தைத் தொட்டுவிட்டால், அதன் பிறகு பணத்துக்கு அங்கே வேலையில்லை. அட்டென்ஷன் பாயின்ட், கல்லூரியின் மதிப்பு, பையனின் விருப்பங்கள், நாம் தரும் வாக்குறுதி ஆகியவைதான் பேசும்.

ஒரு சண்டையை அப்படியே சொல்கிறேன். ஒஹாயோவில் ஒரு டிவிஷன் 3 அணியை வைத்திருந்தேன். மூன்று இடம் காலி. இந்தியானாவிலிருந்து ஒரு ஷூட்டிங் கார்ட்: பெரிமீட்டர் (தூரத்திலிருந்து கூடையில் போடும் திறன்) அப்போது 45-தான், ஆனால் பொடென்ஷியல் (வளரும் வாய்ப்பு) அதிகம், ஒர்க் எதிக் (உழைக்கும் மனசு) 70-ஐத் தாண்டியது. அதே ஊரில் இன்னொருவன், பெரிமீட்டர் 60, ஆனால் அதற்குமேல் வளர மாட்டான். என்னுடன் மோதிய கோச்சுக்கு ஐந்து இடம் காலி. இருவருமே முதல் பையனுக்கு விசிட்களை உச்சம்வரை போட்டுவிட்டோம். பையனின் திரையில் என் கல்லூரியும் அவர் கல்லூரியும் ஒரே படியில் நின்றன. அந்த நிலையில் கையெழுத்து என்பது பகடை உருட்டுவது மாதிரி; யாருக்கும் விழலாம். நான் அவனுக்கு ஆட்ட நேரத்துக்கு வாக்குக் கொடுக்கவில்லை, பெஞ்சில் வைத்து வளர்க்க நினைத்தேன். அவர் கொடுத்தார். பகடை அவர் பக்கம் விழுந்தது. என் பணத்தில் பெரும்பகுதி ஒரே பையனோடு போய்விட்டது. இரண்டாவது ரெக்ரூட்டிங் கட்டத்தில் மிச்சமிருந்தவர்களில் இருவரை எடுத்தேன், ஓர் இடத்தை வாக்-ஆனுக்கு விட்டேன்.

அந்த 60 பெரிமீட்டர் பையனை யாரும் கேட்கவே இல்லை என்பதுதான் பிறகு மனதில் உறுத்தியது. அவன் வளர மாட்டான், உண்மைதான். ஆனால் முதல் நாளிலிருந்தே ஆடியிருப்பான், மிகச் சில விசிட்டிலேயே வந்திருப்பான். ஆழமாக உழுவது என்பதற்காக ஒரே வயலை மட்டும் நம்பக் கூடாது. முக்கியமான ஒருவனுக்குப் பெரும்பகுதிப் பணம், யாரும் கேட்காத இருவருக்குக் கொஞ்சம் அட்டென்ஷன் பாயின்ட் என்று இரண்டையும் ஒரே நேரத்தில் ஓட்டுவதே சரி. அட்டென்ஷன் பாயின்ட்டுக்குப் பணச் செலவு கிடையாது. தினமும் கொஞ்சம் போட்டு வைத்தால், முதல் பையன் கைவிட்டுப் போகும்போது இவர்களிடம் ஸ்காலர்ஷிப் பேச வழி திறந்தே இருக்கும்.

தூரத்தைப் பற்றி நீட்டி முழக்க வேண்டியதில்லை. தூரம் கூடக் கூட விசிட்டுக்கு ஆகும் செலவும் கூடும். ஒரு தூரத்துப் பையனுக்கு ஆகும் பணத்தில் பக்கத்தில் இரண்டு பேரைப் பிடிக்கலாம். ஆனால் ஒஹாயோ, பென்சில்வேனியா மாதிரி கல்லூரிகள் நெருக்கமாக உள்ள இடங்களில், பக்கத்துப் பையனைக் கேட்டுப் பக்கத்து கோச்களும் வருவார்கள். செலவு குறைவு, சண்டை அதிகம். மொன்டானா மாதிரி இடத்தில் இது தலைகீழ்.

இதில் நிஜ உலக உதாரணம் ஒன்றை நான் அடிக்கடி நினைத்துக்கொள்வேன். என்பிஏ நட்சத்திரம் ஸ்டீஃபன் கரி, நார்த் கரோலினாவின் சார்லட் நகரத்துப் பையன். அப்பா டெல் கரி ஆடிய வர்ஜீனியா டெக் கல்லூரியிலிருந்தே ஸ்காலர்ஷிப் வரவில்லை, வாக்-ஆனாக வரச் சொன்னார்கள். சார்லட்டுக்குப் பக்கத்திலேயே இருந்த டேவிட்சன் என்ற சின்னக் கல்லூரியின் கோச் பாப் மெக்கிலப் அவனை எடுத்தார். 2008-இல் டேவிட்சன் கடைசி எட்டு அணிகளில் ஒன்றாக வந்து, அந்த வருடம் சாம்பியனான கான்சஸிடம் 59-57 என்று தோற்றது. பெரிய கல்லூரிகள் உடம்பைப் பார்த்து ஒதுக்கிய பையனை, பக்கத்திலிருந்து பல முறை பார்த்தவர் எடுத்தார். இந்த விளையாட்டிலும் பக்கத்து மாநிலங்களை ஆழமாக ஸ்கவுட் செய்பவருக்குத்தான் இப்படி ஒருவன் மாட்டுவான்.

வாக்குறுதி விஷயத்தில் நான் கறாரானவன். தொடக்க ஐவரில் இடம், இத்தனை நிமிட ஆட்டம் என்று சொல்லிவிட்டால் கொடுத்தே ஆக வேண்டும். மீறினால் பையனின் ஒர்க் எதிக் விழும், அணி மாறிப் போகவும் செய்வான். பகடையில் தோற்ற பிறகும் இதில் என் எண்ணம் மாறவில்லை. அவனைவிட நல்ல மூன்றாம் ஆண்டுப் பையன் ஒருவனை உட்காரவைத்துவிட்டு முதலாம் ஆண்டுக்காரனை இறக்குவது மற்றவனுக்குச் செய்யும் அநியாயம். ஆறு ஆறு கட்சிக்காரர்களுக்கு இது எளிது, பலவீனமான வருடத்தில் எப்படியும் புதியவர்கள்தான் இறங்க வேண்டும். அவர்கள் வாக்குறுதியை ஆயுதமாகவே வைத்திருக்கிறார்கள், அது அவர்கள் முறைக்குப் பொருந்துகிறது.

மேல் டிவிஷனுக்குப் போனால் கணக்கு மாறும். டிவிஷன் 1-இன் உச்சியில் நல்ல பையன்கள் நான்கு வருடம் இருப்பதில்லை, என்பிஏவுக்குப் பாதியிலேயே போய்விடுகிறார்கள். மூன்று மூன்று என்று நாம் போட்ட திட்டத்தை அவர்களே கலைத்துவிடுவார்கள். அங்கே நான்கு, ஐந்து இடம் காலியாகும் வருடங்களை ஏற்றுக்கொண்டு, அந்த வருடங்களில் பெரிய சண்டைக்கு இறங்குவதே நல்லது. டிவிஷன் 1-இன் நடுத்தர அணிகளுக்கு நான் நான்கு-இரண்டு-நான்கு-இரண்டு என்பதைச் சொல்வேன். நான்கு காலியான வருடத்தில் ஒரு பெரிய பையனுக்கு மோதலாம், இரண்டு காலியான வருடத்தில் ஒரு பிக் மேனை ரெட்ஷர்ட் செய்து வரிசையை நேராக்கலாம். டிவிஷன் 3-இல் தொடங்குபவருக்குச் சந்தேகமே இல்லாமல் மூன்று மூன்றுதான். முதல் நான்கு வருடம் மெதுவாகப் போகும். ஐந்தாவது வருடத்தில் அணியில் உள்ள 12 பேரும் நீங்களே பார்த்துப் பார்த்து எடுத்தவர்களாக இருப்பார்கள்.

என் அணியில் இந்த வருடம் மீண்டும் மூன்று இடம் காலி. முதல் பையன் வீட்டுக்குப் பக்கத்திலேயே படிக்க ஆசைப்படும் ஒரு பவர் ஃபார்வர்ட், ரீபவுண்டிங் நன்றாக இருக்கிறது, தாமதமாகத்தான் கையெழுத்திடுவான் என்று காட்டுகிறது. அவனுக்குப் பணத்தில் பாதி ஒதுக்கியிருக்கிறேன். யாரும் கேட்காத இரண்டு கார்டுகளுக்கு நேற்று இரவே அட்டென்ஷன் பாயின்ட் போட்டாகிவிட்டது.