சாரல், கரண்ட் கட், ஒரு பி450 போர்டு: ஆறு வருஷ அனுபவம்

2019-ல் ஓணத்துக்குக் கொஞ்சம் முன்னால், பேனர் வேலை குவிகிற நேரம் பார்த்து வாங்கிய கம்ப்யூட்டர் இது. செங்கோட்டையில் சின்ன டிசைன் கடை வைத்திருக்கிறேன். ஒரு பக்கம் தமிழில் பூப்புனித நீராட்டு விழா, இன்னொரு பக்கம் ஆரியங்காவு, புனலூர்க்காரர்களுக்கு மலையாளத்தில் கல்யாணக் குறி, அதாவது அழைப்பிதழ். ஏஎம்டி கம்பெனியின் ரைசன் 5 2600 பிராசசர், அதை மாட்டும் பி450 மதர்போர்டு, 3200 வேகத்தில் 8+8 ஜிபி டிடிஆர்4 ரேம், ஒரு ஜிடிஎக்ஸ் 1650 கார்டு, 450 வாட் எஸ்எம்பிஎஸ். இந்த கார்டு அலங்காரத்துக்கு இல்லை. 2600-க்குள் கிராபிக்ஸ் கிடையாது, அதனால் போர்டின் பின்பக்கம் இருக்கும் எச்டிஎம்ஐயில் வயரைச் செருகினால் ஒன்றும் வராது; அதைச் செய்துவிட்டு ‘டிஸ்பிளே போச்சு அண்ணாச்சி’ என்று பெட்டியைத் தூக்கிவந்த இரண்டு பேரைப் பார்த்துவிட்டேன்.

மூன்று வருஷம் குறையில்லாமல் ஓடியது. 2022 கடைசியில் கல்யாண ஆல்பம் வேலையும் சேர்ந்துகொள்ள, பதினான்காயிரத்துச் சொச்சத்துக்கு ரைசன் 5 5600 என்ற புது பிராசசர் வாங்கினேன். அதுவும் போர்டில் பிராசசர் உட்காரும் அதே ஏஎம்4 சாக்கெட் தானே, கழற்றி மாட்டினால் முடிந்தது என்று நினைத்தேன். முதல் தப்பு அது.

இரண்டாவது தப்பு, ராத்திரி முழுக்க அணைந்து கிடந்த மெஷினில் காலையில் பிராசசர் மேல் இருக்கும் கூலரைப் பிடித்து நேராக மேலே இழுத்தது. மூன்று வருஷத்துத் தெர்மல் பேஸ்ட் காய்ந்து பசையாகியிருக்க, பூட்டிய சாக்கெட்டிலிருந்து பிராசசரும் கூலரோடு பிய்ந்துகொண்டு வந்தது. ஏஎம்4-ல் இது அடிக்கடி நடப்பதுதான். பின்கள் போர்டில் இல்லை, பிராசசரின் அடியில் இருக்கின்றன, மொத்தம் 1331. ஓரத்தில் இரண்டு பின் சாய்ந்திருந்தன. மெஷினைப் பத்து நிமிஷம் ஓடவிட்டு, பேஸ்ட் இளகியதும் கூலரை இடமும் வலமும் மெல்லத் திருகி எடுத்திருந்தால் இந்த வேலையே இல்லை.

சரி, பழையதுதானே என்று ஓரமாக வைத்துவிட்டு 5600-ஐ மாட்டினேன். ஃபேன் சுற்றுகிறது, கீபோர்டில் லைட் எரிகிறது, மானிட்டரில் ‘நோ சிக்னல்’. போர்டின் ஓரத்தில் சிபியு (பிராசசருக்கு இன்னொரு பெயர்) என்று எழுதிய இடத்தில் சின்னதாக ஒரு சிவப்பு விளக்கு. சர்வீஸ் கடைக்கு போன் போட்டு “சிபியு மாத்தினேன், டிஸ்பிளே வரல” என்றால், நம் ஊரில் மொத்தப் பெட்டிக்கே சிபியு என்றுதானே பெயர், அவர் “பழைய சிபியுவ என்ன பண்ணீங்க?” என்கிறார். கடைசியில் தூக்கிக்கொண்டே போனேன். பார்த்துவிட்டு, போர்டு போய்விட்டது, புதிது போட ஏழாயிரம் என்றார்கள். அன்றைக்குப் பார்த்து தென்மலையிலிருந்து ஒரு கஸ்டமர், “சேட்டா, நாளெ கிட்டுமோ?”

போர்டு போகவில்லை. அன்று ராத்திரி மச்சானின் லேப்டாப்பில் போர்டு கம்பெனியின் சப்போர்ட் பட்டியலைப் பார்த்தபோதுதான் புரிந்தது. பி450 வந்தது 2018-ல், 5600 சேர்ந்த 5000 வரிசை வந்தது 2020 நவம்பரில். மெஷினை எழுப்பிவிட போர்டின் சிப்பிலேயே இருக்கும் மென்பொருள்தான் பயாஸ்; என் போர்டில் இருந்த 2019 பயாஸுக்கு 5600 என்று ஒரு ஜீவன் இருப்பதே தெரியாது. 2020 மே மாதம் இந்த போர்டுகளுக்கு அந்த வரிசை கிடையாது என்றுதான் ஏஎம்டி முதலில் சொன்னது. ஜனங்கள் போட்ட கூச்சலில் அதே மாதம் இறங்கிவந்தது. முதலில் மறுத்ததற்கு பயாஸ் சிப்பில் இடம் பற்றாதது ஒரு காரணம்: பல போர்டுகளில் 16 எம்பிதான், எல்லா பிராசசருக்கும் வேண்டிய கோடை அதற்குள் அடைக்க வேண்டும்.

பிராசசர் இல்லாமலே பயாஸை அப்டேட் செய்யும் ஃபிளாஷ்பேக் பட்டன் என் போர்டில் இல்லை. ஆக, ஓரமாக வைத்த அந்தப் பழைய 2600 தான் கதி. மெக்கானிக்கல் பென்சிலின் ஈயக்குச்சியை எடுத்துவிட்டு, அதன் முனைக்குழாயைச் சாய்ந்த பின்னில் நுழைத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு நிமிர்த்தினேன். இரண்டாவது பின்னுக்கு அரைமணி நேரம். அமுக்காமல் வைத்ததும் தானாக சாக்கெட்டில் இறங்கியது, மானிட்டரில் வெளிச்சம் வந்தது.

அப்டேட் என்னவோ நாலு நிமிஷ வேலை. போர்டில் அச்சடித்திருக்கும் மாடலும் ரிவிஷன் நம்பரும் எழுத்து மாறாமல் பார்த்து ஃபைலை இறக்கி, ஃபேட்32-வாக ஃபார்மட் செய்த பென்டிரைவில் போட்டு, டெலீட் கீயைத் தட்டி பயாஸுக்குள் போய் அங்கிருந்தே ஏற்றினேன். அந்த நாலு நிமிஷத்தில் கரண்ட் போனால்தான் போர்டு நிஜமாகவே போகும். சாரல் காற்றடித்தால் இங்கே கரண்ட் கண்ணடிக்கும், அதனால் யுபிஎஸ் பேட்டரியை முதலில் சோதித்துவிட்டுத்தான் கைவைத்தேன். அப்புறம் 5600-ஐ மாட்டியதும், எஃப்டிபிஎம்மை (பூட்டுச் சாவிகளைப் பத்திரமாக வைக்கும் இடம்) ரீசெட் செய்யவா என்று ஒரு கறுப்புத் திரை கேட்டது. டிரைவைப் பூட்டிவைக்கும் விண்டோஸ் பிட்லாக்கர் எனக்கு இல்லை, ஒய் அழுத்திவிட்டேன். பிட்லாக்கர் போட்டவர்கள் ரெக்கவரி கீ கையில் இல்லாமல் அழுத்தினால் டிரைவைத் திறக்க முடியாது.

ஒன்றைக் கோட்டைவிட்டேன். அப்டேட்டானதும் பயாஸின் எல்லா செட்டிங்கும் கம்பெனி வைத்தபடி ஆகிவிடும். 3200 ரேம் 2133-ல் ஓடிக்கொண்டிருந்ததை டாஸ்க் மேனேஜரில் தற்செயலாகப் பார்த்தது இரண்டு மாதம் கழித்து! ரேமை அதன் முழு வேகத்தில் ஓட்டும் எக்ஸ்எம்பி செட்டிங்கை ஆன் செய்தேன், ஆல்பம் ஃபைல்கள் சுறுசுறுப்பாயின.

அதற்குப் பிறகு ஒரே ஒரு தடவைதான் அப்டேட் செய்தேன். 2023 டிசம்பரில் லோகோஃபெயில் என்ற ஓட்டை வெளியே வந்தது. மெஷின் எழும்போது காட்டும் லோகோ படத்தைப் படிக்கும் கோட் வழியாகவே உள்ளே புகலாமாம். அதற்கான திருத்தம் வந்ததும் போட்டேன். சும்மா புதுசு வந்திருக்கிறது என்று நான் பயாஸைத் தொடுவதில்லை.

2024 மழையில் பில்லில் தேதி பின்னோக்கிப் போய், பேங்க் சைட்டும் திறக்காமல் மிரட்டியபோது திரும்ப பயாஸ்தான் என்று பயந்தேன். மெஷின் அணைந்திருக்கும்போது கடிகாரத்தை ஓட்ட போர்டில் இருக்கும் சிஆர்2032 பட்டன் செல் தீர்ந்திருந்தது, வாட்ச் கடையில் வாங்கிப் போட்டேன், முடிந்தது.

அந்த 2600 இப்போது புளியரையில் மச்சான் கடையில், ஏ320 போர்டில் ஓடுகிறது. நிமிர்த்திய பின்னில் ஒன்று இன்னும் லேசாகச் சாய்ந்துதான் நிற்கிறது. கூலரைக் கழற்ற வேண்டுமென்றால் எனக்கு போன் பண்ணிவிட்டுத் தொடு என்று அவனிடம் சொல்லியிருக்கிறேன்.