எத்தனையாவது கை என்று யாருக்கும் தெரியாது: பொது நுண்ணங்கிச் சேமிப்பில் ஆறு வருடம்

போன கிழமை பொரளைப் பக்க ஆய்வுகூடம் ஒன்றிலிருந்து தோழி கேட்டாள்: "அக்கா, ஈ. கோலை 25922-ஐ உங்கள் பொதுச் சேமிப்பில் எடுக்கலாமா, வெளிநாட்டிலிருந்து வரவழைக்கவா?" 25922 என்பது மருந்துச் சோதனை சரியாக நடக்கிறதா என்று ஒப்பிட்டுப் பார்க்கும் நியமப் பற்றீரியா. பொதுச் சேமிப்பு என்பது பல ஆய்வுகூடங்கள் தங்கள் பற்றீரியாக்களைக் கொடுத்துவைத்து, வேண்டியபோது எடுக்கும் இடம். ஆறு வருடமாக அங்கே எடுத்தும் கொடுத்தும் வருகிறேன். ஆனாலும் சட்டென்று பதில் வரவில்லை.

2022 மார்ச் கடைசியில் 13 மணி நேர மின்வெட்டு வந்ததே, அப்போது ஜெனரேட்டருக்கு டீசலும் இல்லை. எங்கள் மைனஸ் 80 பாகை ஃப்ரீசரில் பற்றீரியாக்களைக் கிளிசரோலில் உறையவைத்திருந்த குழாய்களில் பாதி போயிற்று. பொதுச் சேமிப்பில் நாங்கள் கொடுத்துவைத்த பேரே வாவிப் பற்றீரியாக்கள் மட்டும் உறையவைத்து உலர்த்திய ஆம்பூல்களாக அலமாரியில் சும்மா கிடந்தன. உடைத்து, திரவ ஊடகத்தில் விட்டு, இரவு இன்கியுபேட்டரில் வைத்தேன். காலையில் குழாய் கலங்கியிருந்தது, பற்றீரியா உயிரோடு பெருகியிருக்கிறது. அன்றைக்கு அந்த இடத்துக்குக் கோயிலே கட்டியிருப்பேன்.

சரி, இப்போது வயிற்றெரிச்சல். பட்டியலில் பெயர் இருக்கிறது, எண் இருக்கிறது, எந்தப் பெட்டி என்றும் இருக்கிறது. மூலத்திலிருந்து எத்தனை தடவை மாற்றி வளர்த்தது என்பது மட்டும் இல்லை. கேட்டால் "நல்லாத்தான் இருக்கு மிஸ்."

இரண்டாம் வருடம் அங்கே ஏடிசிசி 35218 எடுத்தேன் (ஏடிசிசி, பற்றீரியாக்களை எண் போட்டு விற்கும் அமெரிக்கச் சேமிப்பகம்; 25922-உம் அவர்களுடைய எண்தான்). இந்த ஈ. கோலை, அம்பிசிலின் போன்ற மருந்துகளை உடைக்கும் பீட்டா-லக்டமேஸ் நொதியின் மரபணுவை ஒரு பிளாஸ்மிட்டில், அதாவது தனியாக இருக்கும் சிறு டிஎன்ஏ வளையத்தில், சுமக்கிறது. அதற்காகத்தான் அதை வைத்திருப்பதே. அகாரில் வைக்கும் அம்பிசிலின் மருந்து வில்லையை ஒட்டியே முளைக்க வேண்டும். எனக்கோ வில்லையைச் சுற்றி அழகான வெற்று வட்டம். நாலு நாள் வில்லையைச் சந்தேகித்தேன், அகாரைச் சந்தேகித்தேன், என் கையையும் சந்தேகித்தேன். கடைசியில் பார்த்தால், பலர் மாற்றி மாற்றி வளர்த்ததில் அது பிளாஸ்மிட்டையே உதறிவிட்டிருந்தது. ஏடிசிசியில் வாங்கியதை மூன்றாம் ஆளுக்குக் கைமாற்றக் கூடாது என்று ஒப்பந்தத்திலேயே இருப்பதும் அப்போதுதான் தெரிந்தது. கொடுத்தவரும் படிக்கவில்லை, நானும் படிக்கவில்லை.

பட்டியல் இருக்கும் எக்செல் தாளில் 'எத்தனையாவது கை' என்று ஒரேயொரு நிரல் சேர்க்கச் சொல்லி மூன்று தடவை எழுதினேன். குழு கூடும்போது பார்க்கலாமாம். குழு இன்னும் கூடவில்லை.

தோழிக்குச் சொன்னது: 25922-ஐ நீயே வரவழை. அதே ஸ்ட்ரெய்ன் பிரித்தானியாவின் என்சிடிசி சேமிப்பகத்தில் எண் 12241, ஜெர்மனியின் டிஎஸ்எம்இசட் சேமிப்பகத்தில் எண் 1103. அனுப்பும் செலவையும் சேர்த்துப் பார்த்து எடு. வந்த கையோடு சிறு குழாய்களாகப் பிரித்து உறையவை. பொதுச் சேமிப்புப் பக்கம் போகாதே.

நானும் இனிப் போவதில்லை என்று போன மாதம்தான் சொன்னேன். நாளைக் காலை களனி ஆற்றுப் பற்றீரியாக்கள் 16 ஐஸ் பெட்டியில் அங்கே போகின்றன, ஓட்டோவுக்குச் சொல்லியாகிவிட்டது. எத்தனையாவது கை என்று லேபலில் நானே பெரிதாக எழுதியிருக்கிறேன்.