நாக்கா, விரலா: தொட்டு அளவு சொல்வதில் எதை நம்பலாம்?

பல்லில் ஒரு சின்னத் துண்டு உடைந்தால் நாக்குக்கு அது பெரும் பள்ளம். கண்ணாடியில் பார்த்தால், இவ்வளவுதானா என்று இருக்கும். அதே இடத்தை விரலால் தடவினால் பள்ளம் இருப்பதே சில சமயம் தெரியாது.

நுணுக்கம் என்று பார்த்தால் நாக்குதான் முன்னே. இரண்டு முனைகளை ஏறக்குறைய 1 மில்லிமீட்டர் இடைவெளியில் வைத்தாலும் நாக்கின் நுனி அவற்றைத் தனித்தனியாக உணர்ந்துவிடும். விரல் நுனிக்கு 2, 3 மில்லிமீட்டர் வேண்டும். முன்கையில் சில சென்டிமீட்டர்கூட ஆகலாம். நாக்கு மென்மையானது, வளைந்து பள்ளத்துக்குள் இறங்கும். விரலின் தோல் விளிம்போடு நின்றுவிடும்.

ஆனால் நுணுக்கமாக உணர்வது வேறு, அளவைச் சரியாகச் சொல்வது வேறு. உணர்வு கூர்மையான இடத்தில் பொருள் பெரிதாகத் தோன்றும். 19ஆம் நூற்றாண்டிலேயே ஜெர்மானிய மருத்துவர் வெபர் இதைக் கவனித்தார்: காம்பஸின் இரு முனைகளை ஒரே இடைவெளியில் வைத்தாலும், உணர்வு மங்கிய தோலில் அந்த இடைவெளி குறுகியதாகத் தெரிந்தது. மூளை இந்த வித்தியாசத்தைப் பெருமளவு சரிக்கட்டிவிடுகிறது, முழுவதுமாக அல்ல.

அதனால் சிறு துளையோ பிசிறோ இருக்கிறதா என்று கண்டுபிடிக்க நாக்கு. (வாய்க்குள் இருப்பதற்கு மட்டும்தான், சரியா!) எவ்வளவு பெரியது என்று கேட்டால் என் ஓட்டு விரலுக்கே. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே பொருளைப் பிடித்துப் பார்க்கலாம். மூட்டும் தசையும்கூடச் சேர்ந்து அளவு சொல்லும். நாக்குக்கு அந்த வசதி இல்லை.